பகல் மூணு மணி விளக்கு

கல்யாணமான நாற்பத்தோரு வருஷத்தில் நானும் என் மனைவியும் போன ஒரே கடல் பயணம், கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகில் போனதுதான். அதிலும் அவள் முதல் படகில், நான் அடுத்த படகில். அவ்வளவு கூட்டம்.

அப்படிப்பட்ட எங்கள் இருவரையும் ஆஸ்லோவில் இருக்கும் எங்கள் பெண் 2024 ஜூன் மாதம் ஒரு கப்பலில் ஏற்றி, பூமியின் உச்சந்தலைக்கு அனுப்பி வைத்தாள். ''அம்மா என் கிச்சனை தினம் ஒழிச்சு வைக்கிறாங்க. அப்புறம் எனக்கு ஒரு கரண்டி கூடக் கிடைக்க மாட்டேங்குது. ரெண்டு பேரும் ஒரு வாரம் நிம்மதியா கடல்ல போயிட்டு வாங்க'' என்றாள். நிம்மதி யாருக்கு என்று நான் கேட்கவில்லை. வயதானால் சில கேள்விகளை விழுங்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

''சாயங்காலம் விளக்கேத்தணும். அதுக்குத் தடங்கல் இல்லைன்னா வரேன்.''

''கப்பல்ல கரண்ட் எல்லாம் இருக்கு'' என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு வயது நாற்பத்தொன்று.

பெட்டியில் முதலில் போனது ஒரு சின்ன காமாட்சி விளக்கு. அப்புறம் திரி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் நெய், ஊதுவத்தி, நார்த்தங்காய் ஊறுகாய், இட்லி மிளகாய்ப்பொடி. மிச்சம் இருந்த இடத்தில் துணிமணிகள்.

''ஏழு நாள் சீரியல் கிடையாது. தாங்குவியா?'' என்று சீண்டினேன்.

இது எங்கள் வீட்டில் ஸ்டாண்டர்ட் ஜோக். 2022-ல் எனக்கு பைபாஸ் நடந்தது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி வாசம். தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு ''இதோ வந்துடறேன்'' என்று கிளம்பிப் போவாள். திரும்பி வரும்போது மணி எட்டு இருக்கும். ''புருஷன் ஐ.சி.யு.வில், பெண்டாட்டி சீரியலில்'' என்று நான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். சம்பந்தி வீட்டில்கூட இதற்கு நல்ல வரவேற்பு. அவளும் ஒவ்வொரு தடவையும் லேசாகச் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள். இந்தத் தடவையும் அப்படியே.

*

பெர்கன் என்ற ஊரில் கப்பல் ஏறினோம். வருஷத்தில் இருநூறு நாளுக்கு மேல் மழை பெய்கிற ஊர். எங்களையும் ஏமாற்றவில்லை.

கப்பல் என்றதும் ஐயாயிரம் பேர் ஏறுகிற, உள்ளே நீச்சல் குளமும் சூதாட்டமும் நடக்கிற அடுக்கு மாடி சமாசாரத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது அதற்குப் பத்தில் ஒரு பங்குதான். சரியாகச் சொன்னால், கடலில் ஓடுகிற டவுன் பஸ். தெற்கே பெர்கனிலிருந்து ரஷ்ய எல்லைக்குப் பக்கத்தில் கிர்கெனெஸ் வரை, வழியில் முப்பத்து நாலு ஸ்டாப்பிங். சில ஊரில் நாலு மணி நேரம் நிற்கும். சில ஊரில் பதினைந்து நிமிஷம். நடுராத்திரி ஒரு மணிக்கு ஏதோ ஒரு குக்கிராமத்தில் நிற்கும். ஒரு ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓடி வந்து நாலு மூட்டை உருளைக்கிழங்கை இறக்கும், ஒரு குளிர்பதனப் பெட்டியை ஏற்றும். முதுகில் பையோடு ஒரு பள்ளிக்கூடப் பையன் இறங்கிப் போவான். கப்பல் கிளம்பிவிடும். ''ரைட்'' சொல்ல கண்டக்டர் ஒருவர்தான் பாக்கி.

இந்த ரூட்டுக்குப் பெயர் ஹுர்ட்டிக்ருட்டன். 'சீக்கிரப் பாதை' என்று அர்த்தம். பெயர் வந்த கதை சுவாரசியமானது. அந்தக் காலத்தில் நடு நார்வேயில் டிரான்ட்ஹைமிலிருந்து வடகோடி ஹாம்மர்ஃபெஸ்ட்டுக்கு ஒரு கடிதம் போட்டால், கோடையில் போய்ச் சேர மூன்று வாரம். குளிர்காலத்தில் ஐந்து மாசம்வரைகூட ஆகுமாம். ''அத்தைக்கு உடம்பு சரியில்லை'' என்ற கடிதம் போவதற்குள் அத்தை குணமாகி இன்னொரு கல்யாணமே பண்ணிக்கொண்டிருப்பாள். காரணம், அந்தக் கரை முழுக்கப் பாறை, தீவு, குறுகலான சந்து. விளக்குக் கூண்டுகள் குறைவு. ராத்திரியில், அதுவும் குளிர்காலத்தில், கப்பல் ஓட்ட யாரும் தயாராக இல்லை.

ரிச்சர்ட் வித் என்ற கேப்டன் மட்டும் ''நான் ஓட்டுகிறேன்'' என்றார். அவரும் அவருடைய பைலட்டும் வருஷக் கணக்கில் ஒவ்வொரு திருப்பத்திலும் திசைகாட்டி என்ன காட்டுகிறது, எத்தனை நிமிஷம் அந்தத் திசையில் போக வேண்டும் என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்திருந்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு சமையலறையில் உப்பு டப்பாவை எடுக்கிற இல்லத்தரசி மாதிரி. 1893 ஜூலை 2-ம் தேதி அவருடைய 'வெஸ்டெரோலன்' கப்பல் டிரான்ட்ஹைமிலிருந்து கிளம்பியது. மாசக் கணக்கு நாள் கணக்காகச் சுருங்கியது. அன்று ஆரம்பித்த ரூட் இன்றைக்கும் ஓடுகிறது. 2021-லிருந்து இரண்டு கம்பெனிகள் பங்கு போட்டு ஓட்டுகின்றன. நாங்கள் போனது எதில் என்று கேட்காதீர்கள். கேட்காமலிருக்க வேண்டிய காரணம் அடுத்த பாராவில்.

*

முதல் நாள் ராத்திரி எட்டரைக்குக் கப்பல் கிளம்பியது. வெளியே பட்டப் பகல் மாதிரி வெளிச்சம்.

''சூரியன் எப்ப அஸ்தமனம்?'' என்றாள்.

விசாரித்துக்கொண்டு வந்து, ''பதினொண்ணு சொச்சம்'' என்றேன்.

''ராத்திரி பதினொண்ணுக்கா சாயங்காலம்?'' என்று நார்வே தேசத்தையே கண்டித்துவிட்டு, உட்கார்ந்து காத்திருந்தாள். நான் கண்ணயர்ந்துவிட்டேன். பதினொன்றே கால் இருக்கும். தலைக்கு மேலே பிரளயம் வந்தது போல் ஒரு சத்தம். எழுந்து பார்த்தால் மேஜை மேல் காமாட்சி விளக்கு சாந்தமாக எரிந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் ஒற்றை ஊதுவத்தி. அதிலிருந்து கிளம்பிய புகை, கூரையில் இருந்த வெள்ளை நிறக் கருவியின் மூக்கில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அரை நிமிஷத்தில் கதவைத் திறந்துகொண்டு மூன்று பேர். கையில் தீயணைக்கும் சிலிண்டர். எதிரே நான், வேட்டியும் குரங்குக் குல்லாவுமாக. அவர்கள் பயிற்சியில் இப்படி ஒரு காட்சி வந்திருக்காது.

தப்பு முழுக்க எங்களுடையது. அதிகாரியாக வந்த அந்தப் பெண்ணுக்கு முப்பது வயசுகூட இருக்காது. கோபித்துக்கொள்ளாமல் மெதுவாகச் சொன்னாள். ''கரையில் தீப்பிடித்தால் வண்டி வரும். கடலில் நாங்கள்தான் வண்டி. அதனால் இங்கே நெருப்புக் கூடாது.'' தீப்பெட்டியை வாங்கிக்கொண்டாள். பத்து நிமிஷம் கழித்து அவளே மறுபடி வந்து, சாப்பாட்டு மேஜைகளில் அலங்காரத்துக்கு வைக்கிற பாட்டரி மெழுகுவத்தி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். அடியில் ஒரு ஸ்விட்ச். தட்டினால் மஞ்சளாக மினுக் மினுக்கென்று ஆடும்.

''இதுவா விளக்கு?'' என்றாள் என் மனைவி. அதை ஜன்னலோரம் ஒதுக்கி வைத்துவிட்டு, ஏற்றாத விளக்கின் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் ஓலேசுண்ட் என்ற ஊர். கட்டடமெல்லாம் கோபுரமும் கொடியும் பூவேலையுமாக ஒரே ஜாடையில், சகோதரிகள் வரிசையாக நிற்பது போல நிற்கின்றன. காரணம் சோகமானது. 1904 ஜனவரி 23 அதிகாலையில் பிடித்த தீயில் ஊரே எரிந்துவிட்டது. அதுவரை எல்லாம் மர வீடுகள். சுமார் பத்தாயிரம் பேர் கொட்டும் குளிரில் தெருவில் நின்றார்கள். அப்புறம்தான் கல்லும் செங்கல்லுமாக ஒரே மூச்சில் ஊரைக் கட்டினார்கள். கைடு சொன்னதை நான் மொழிபெயர்த்துச் சொல்ல, என் மனைவி கவனமாகக் கேட்டுக்கொண்டாள். கடைசியில், ''அந்தப் பொண்ணு சொன்னது நியாயம்தாங்க'' என்றாள். தீப்பெட்டி விவகாரம் அத்துடன் முடிந்தது. விளக்கு விவகாரம் முடியவில்லை.

*

நார்வேக்காரர்கள் ஃபியோர்டு என்று சொல்வது வேறொன்றுமில்லை. பனியாறு லட்சக் கணக்கான வருஷம் மலையை இழைத்து இழைத்துப் பள்ளமாக்கியது. பனி உருகியதும் கடல் உள்ளே புகுந்துகொண்டது. அவ்வளவுதான். ஆனால் இரண்டு பக்கமும் ஆயிரம் மீட்டருக்கு மேல் மலை நிமிர்ந்து நிற்க, நடுவில் கண்ணாடித் தண்ணீரில் கப்பல் போகும்போது 'அவ்வளவுதான்' என்று சொல்ல வாய் வருவதில்லை.

கெய்ராங்கர் ஃபியோர்டில் ஏழு அருவிகள் பக்கத்துப் பக்கத்தில் விழுகின்றன. ஏழு சகோதரிகள் என்று பெயர். நம் ஊராக இருந்தால் சப்த கன்னிகள் என்று கோயில் கட்டியிருப்போம். எதிர்க்கரையில் தனியாக ஓர் அருவி. அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர். ஏழு பேரிடமும் பெண் கேட்டானாம். ஏழு பேரும் மாட்டேன் என்றுவிட்டார்களாம். மனசு உடைந்து குடிக்க ஆரம்பித்துவிட்டான். அந்த அருவி நடுவில் பாட்டில் வடிவில் பிளந்து விழுகிறது.

''ஏழு பொண்ணையும் ஒருத்தனே கேட்டா யார் கொடுப்பா?'' என்றாள் என் மனைவி. மூன்றாவது வரன் பார்த்தபோது நான் மாட்டிய கதையை அவள் ஆரம்பிக்குமுன் நான் காபி வாங்கப் போய்விட்டேன். காபி விலையை ரூபாயில் பெருக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். பைபாஸ் செய்த உடம்பு.

சாப்பாட்டு மேஜையில் மீன் இருபது விதம். எங்களைப் போன்ற சைவ ஜீவன்களுக்கு உருளைக்கிழங்கு நாலு விதம். ஆனால் ஒரு கண்டுபிடிப்பு: பழுப்பு நிறத்தில் கட்டியாக ஒரு சீஸ் வைத்திருந்தார்கள். பாலைத் திரித்து எடுத்த தெளிந்த நீரைச் சர்க்கரை கருகிப் பழுப்பாகும்வரை சுண்டக் காய்ச்சுகிறார்களாம். என் மனைவி ஒரு வில்லை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, ''நம்ம திரட்டுப்பால்தாங்க. அடிப்பிடிச்சிருக்கு'' என்று தீர்ப்புச் சொன்னாள். அன்றிலிருந்து ரொட்டி, திரட்டுப்பால் சீஸ், நார்த்தங்காய் ஊறுகாய். பக்கத்து மேஜை ஜெர்மன்காரர் ஒருவர் ஊறுகாயைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாளிலிருந்து வேறு மேஜைக்குப் போய்விட்டார்.

நாலாம் நாள் காலை ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டினோம். சின்னத் தீவு ஒன்றில் உலக உருண்டை மாதிரி ஓர் அடையாளம் வைத்திருக்கிறார்கள். தாண்டியவர்களுக்கு டெக்கில் ஞானஸ்நானம். வருண பகவான் மாதிரி தாடி வைத்து வேஷம் போட்ட ஒருவர், ஐஸ் கட்டியும் தண்ணீருமாக ஒரு கரண்டி நிறைய எடுத்து சட்டைக் காலருக்குள் ஊற்றுவார். வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது பின்னாலிருந்து ''ஹார்ட் பேஷன்ட்! ஹார்ட் பேஷன்ட்!'' என்று ஒரு குரல். கடல் அரசனே பயந்து கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். நாலு சொட்டு தெளித்து ஆசீர்வாதம் பண்ணி அனுப்பினார். அர்ச்சகர் தோற்றார்.

அன்று மாலை லொஃபோடன் தீவுகள். குளிர்காலத்தில் பேரன்ட்ஸ் கடலிலிருந்து காட் மீன்கள் கூட்டம் கூட்டமாக இங்கே முட்டையிட வருகின்றன. பிறந்த வீட்டுக்குப் பிரசவத்துக்கு வருகிற மாதிரி. வந்த இடத்தில் பிடித்து, வால்களைச் சேர்த்துக் கட்டி, மரச் சட்டங்களில் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள். பிப்ரவரியிலிருந்து மே வரை. உப்பே கிடையாது. காற்றும் குளிரும் காயவைக்கின்றன. உடல் பெரும்பாலும் இத்தாலிக்கு; தலை நைஜீரியாவுக்கு. வாசனையை நான் விவரிக்க வேண்டியதில்லை. காசிமேட்டுப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்.

நடுராத்திரியில் டிரோல்ஃபியோர்டு என்ற சந்துக்குள் கப்பல் நுழைந்தது. வாய் அகலம் சுமார் நூறு மீட்டர்தான். இரண்டு கிலோமீட்டர் உள்ளே போய், இருந்த இடத்திலேயே கப்பல் திரும்புகிறது. உச்சிமலைப் பனியில் ராத்திரி பன்னிரண்டு மணிச் சூரியன் பொன் பூசியிருக்கிறது. முந்நூறு பேர் மூச்சுவிடாமல் நிற்கிறார்கள்.

என் மனைவி மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

''என்னங்க, இனிமே அஸ்தமனமே கிடையாதா?''

''இந்த ட்ரிப்ல கிடையாது.''

''அப்ப நான் எப்ப உட்காரட்டும்?''

அதற்கு மேல் அவள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் டிராம்ஸோவிலும் பேசவில்லை. நான் வழக்கம்போல் ஏதோ ஜோக் அடித்துப் பார்த்தேன். ''சூரியன் ஓவர்டைம் பார்க்கிறார். உனக்கு லீவு.'' அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாற்பத்தோரு வருஷத்தில் என் மனைவி கோபித்துப் பார்த்திருக்கிறேன், அழுது பார்த்திருக்கிறேன். திக்குத் தெரியாமல் உட்கார்ந்து பார்த்ததில்லை.

*

ஆறாம் நாள் பதினோரு மணிக்கு ஹானிங்ஸ்வோக். ஐரோப்பாவின் வடகோடி என்று சொல்லிக்கொள்ளும் நார்த் கேப் முனைக்கு இங்கிருந்துதான் பஸ். 307 மீட்டர் உயரப் பாறை. 71 டிகிரிக்குச் சற்று மேலே. நம் சென்னை 13 டிகிரி. இந்த உயரத்தில் குளிர்காலத்தில்கூடத் துறைமுகம் உறைவதில்லை. அட்லாண்டிக்கிலிருந்து ஏறிவரும் வெந்நீர் ஓட்டம் செய்கிற உபகாரம். 1907-ல் சயாம் மன்னர் சூலாலங்கார்ன் வந்து பாறையில் தன் பெயரைப் பொறித்துவிட்டுப் போனாராம். நானும் போயிருப்பேன். தலைக்கு என்ன கட்டணம் என்று கேட்டதும், கும்பகோணத்தில் ரூம் போட்டு நவக்கிரகம் ஒன்பதையும் ஏ.சி. காரில் சுற்றி வரலாமே என்று தோன்றியது. ஊரைச் சுற்றிப் பார்க்கலாம் என்று இறங்கிவிட்டோம்.

ஊர் மொத்தமும் இரண்டாயிரத்துச் சொச்சம் ஜனங்கள். வீடுகள் எல்லாம் ஒரே வயசு. 1944-ல் பின்வாங்கிப் போன ஜெர்மன் ராணுவம் இந்த மாகாணத்தையே கொளுத்திக்கொண்டு போயிற்று. இந்த ஊரில் மிஞ்சிய ஒரே கட்டடம், வெள்ளை நிற மரத் தேவாலயம். திரும்பி வந்த ஜனங்கள் முதலில் அதற்குள்தான் தங்கி ஊரை மறுபடி கட்டினார்களாம்.

அந்தத் தேவாலயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

''நீங்கள் தமிழோ?''

திரும்பினோம். கையில் மளிகைப் பை. ஐம்பத்தெட்டு வயதிருக்கும். கனத்த ஜாக்கெட். நெற்றியில் சின்னதாகத் திருநீற்றுக் கீற்று.

''சீலையைக் கண்டிட்டு ஓடி வந்தனான். கப்பல் எத்தனை மணிக்கு வெளிக்கிடுது? ரெண்டே முக்கால்தானே? கனக்க நேரம் இருக்கு. வாங்கோ அக்கா, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்.''

எழுபத்தோரு டிகிரியில் தமிழ்! எனக்குத் தொண்டையை அடைத்தது. குளிர் என்று சொல்லிக்கொண்டேன்.

நார்வேக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உள்ள சம்பந்தம் பழசு. 1956-ல் அந்தோனி ராஜேந்திரம் என்ற யாழ்ப்பாண இளைஞர் இங்கே வந்து, மீன்பிடித் தொழிலைக் கற்று, பிறகு ஊரில் 'சீநோர்' என்று ஒரு நிறுவனத்தை ஆரம்பித்தார். அந்த வழியில் கொஞ்சம் பேர் வந்தார்கள். 1980-களில் யுத்தம் முற்றியபோது நிறையப் பேர் வந்தார்கள். வடகோடி மீன் ஃபாக்டரிகளில் வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. பனங்காட்டில் வளர்ந்தவர்கள், மரமே முளைக்காத மண்ணில் காட் மீன் அறுத்தார்கள்.

இந்த அம்மாள் வந்தது 1988-ல், இருபத்திரண்டு வயதில். பருத்தித்துறைப் பக்கம். ''அப்ப இஞ்ச கனக்கத் தமிழ்க் குடும்பங்கள் இருந்தது. பிறகு பிள்ளையளின்ர படிப்பெண்டு எல்லாரும் ஆஸ்லோவுக்குப் போட்டினம். எங்களுக்கு இந்த இடம் பழகிட்டுது.''

ஐந்து நிமிஷ நடையில் வீடு. ஹாலில் நல்லூர் முருகன் படம். அதன் கீழே விளக்கு. சுவரில் இரண்டு கடிகாரம். இரண்டும் வேறு வேறு நேரம் காட்டின.

தேத்தண்ணி வந்தது. பேர் என்ன, குழந்தைகள் எத்தனை என்று எதுவுமே கேட்காமல் என் மனைவி கேட்ட முதல் கேள்வி இதுதான்:

''இங்கே நீங்க விளக்கு எப்ப ஏத்துவீங்கம்மா?''

அந்த அம்மாள் சுவரைக் காட்டினார். ''அந்த மணிக்கூடு ஊர் நேரம், அக்கா. அதில ஆறு அடிச்சா ஏத்துவன். இஞ்ச அப்ப பின்னேரம் ரெண்டரை. ஃபாக்டரியில நிக்கேக்க கையில கத்தி, காலில ஐஸ். அப்ப மனசுக்குள்ள ஏத்துவன். எங்கட அம்மா ஊரில ஏத்திற நேரம். அவவும் ஏத்த, நானும் ஏத்த, ஒரு வீட்டுக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கும்.''

''அம்மா இருக்காங்களா?''

''தொண்ணூத்தஞ்சில மோசம் போட்டா. போகேலாமல் போட்டுது, அக்கா. பாதை இல்லை. ஆனா மணிக்கூட்டை நான் மாத்தேல்லை.''

சற்று நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். ''இப்ப வெளிச்சம் கூடிப்போச்செண்டு உங்களுக்குக் கஷ்டம். நவம்பர் கடைசியில சூரியன் போனால் ஜனவரி கடைசியிலதான் வரும். தைப்பொங்கலுக்குச் சூரியன் இல்லை. முதல் வருசம் பொங்கிப் போட்டு, யாருக்குப் படைக்கிறதெண்டு தெரியாமல் அழுதனான். பிறகு யோசிச்சன். மத்தியானம் தெற்குப் பக்கம் வானம் கொஞ்சம் சிவக்கும். அவர் அங்கதானே நிக்கிறார்? வரேல்லையே தவிர, இல்லையெண்டில்லைத்தானே? அந்தப் பக்கம் பாத்துப் படைப்பன். ஊரும் அந்தப் பக்கம்தான்.''

என் மனைவி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு, இரண்டு வருஷமாக என்னிடம் சொல்லாததை, அரை மணி நேரம் முன்னால் அறிமுகமான அந்தப் பெண்ணிடம் சொன்னாள்.

''இவர் பைபாஸுக்குப் பன்னண்டு நாள் ஆஸ்பத்திரியில இருந்தாரும்மா. ஒருநாள் விடலை. அஞ்சரைக்கு ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போய் விளக்கேத்திட்டு, திரும்ப ஆட்டோ பிடிச்சு வருவேன். டிராஃபிக்ல எட்டு ஆயிடும். விளக்கு எரியற வீட்டுக்கு மனுஷன் வழி தெரிஞ்சு திரும்பிடுவார்னு எங்கம்மா சொல்வாங்க. இவர் திரும்பி வந்துட்டார். அதுலேருந்து விடறதுக்கு பயம்மா இருக்கு.''

நான் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஊர் நேரம் ஐந்தே கால்.

*

திரும்பி நடக்கும்போது கேட்டேன். ''சீரியல் இல்லைன்னு நீ ஏன் ஒரு தடவைகூடச் சொல்லலை?''

''நீங்க சொன்னா எல்லாரும் சிரிச்சாங்க. செத்துப் பிழைச்ச மனுஷன் நாலு பேரைச் சிரிக்க வைக்கிறாரே, அதை ஏன் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்.''

நான் எழுத்தாளன் என்று பெயர் வாங்கி இத்தனை வருஷம் ஆகிறது. இந்த வாக்கியத்துக்குப் பதில் வாக்கியம் எனக்கு இன்னும் அமையவில்லை. பேசாமல் அவள் குல்லாவைச் சரியாக இழுத்துவிட்டேன்.

கப்பல் ரெண்டே முக்காலுக்குக் கிளம்பியது. ''இந்நேரம் அவங்க ஏத்தியிருப்பாங்க'' என்றாள். சரியாக மூன்று மணிக்கு, அதாவது நம் ஊர் ஆறரைக்கு, ஒதுக்கி வைத்திருந்த அந்தப் பாட்டரி மெழுகுவத்தியை எடுத்துத் துடைத்து, ஏற்றாத காமாட்சி விளக்குக்குப் பக்கத்தில் வைத்து ஸ்விட்சைத் தட்டினாள். வெளியே கொளுத்துகிற பகல் வெளிச்சம். அதில் அந்த மினுக்கல் தெரியக்கூட இல்லை. அவளுக்குத் தெரிந்தது. உற்றுப் பார்த்தபோது எனக்கும் தெரிந்தது.

கிர்கெனெஸில் இறங்கும்போது அந்த இளம் அதிகாரி தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாள். பாட்டரி விளக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

ஊர் திரும்பி ஏழு மாதம் கழித்து 2025 தைப்பொங்கல். காலையில் பொங்கி, சாப்பிட்டு, நான் குட்டித் தூக்கம் போட்டு எழுந்தேன். சாயங்காலம் நாலரை. ''வாங்க மாடிக்கு'' என்று இழுத்தாள் மனைவி. கையில் என் செல்ஃபோன். ஹானிங்ஸ்வோக்கில் அப்போது பகல் பன்னிரண்டு. திரையில் அந்த வீட்டு ஜன்னல், வெளியே கருநீல இருட்டு, தெற்கே ஒரு சிவப்புக் கீற்று, ஜன்னல் விளிம்பில் பொங்கல் பானை.

''காட்டுங்க'' என்றாள். நான் ஃபோனைத் திருப்பி, தண்ணீர் டாங்குக்குப் பக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்த எங்கள் தெருச் சூரியனைக் காட்டினேன். அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை.

பிறகு குரல் வந்தது. ''அக்கா... ஐயாவைக் கொஞ்சம் விரலை எடுக்கச் சொல்லுங்கோ. சூரியனை மறைக்கிறார்.''